மண்ணடி வீட்டு மெட்ராஸ் டெரஸ்: இடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. சென்னை மண்ணடியில் பூர்வீக வீடு, கீழும் மாடியும். டெரஸ் ஒழுகுகிறது, கீழ்த்தளத்துச் சுவர் இடுப்பு உயரம் வரை பொரிந்து கொட்டுகிறது. கான்ட்ராக்டர் இரண்டு வழி சொல்கிறார்: டெரஸ் மேல் சிமென்ட் போட்டு வாட்டர்ப்ரூஃப் அடிப்பது, அல்லது மொத்தமாக இடித்து ஆர்.சி.சி. கட்டுவது. எதைச் செய்வது?

இரண்டும் வேண்டாம். முதல் வழி வீட்டைச் சில வருடங்களில் இரண்டாவது வழிக்குத் தள்ளிவிடும். இந்த வகை வீட்டில் ஒழுகலும் பொரிச்சலும் ஒரே நோய்தான்: உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மேலிருந்து கீழாக, சுண்ணாம்பைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலை வீணாகும்.

முதலில் வீடு எந்தக் காலத்தது என்று பாருங்கள். பெருமைக்காக இல்லை, உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று தெரிவதற்காக. செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் பக்கம். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைகளுக்குப் பிறகு அதை இடித்து வெட்டவெளி ஆக்கினார்கள். அந்த எல்லைக்காக நட்ட தூண்களில் ஒன்று, 1773 என்று பொறித்தது, பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. ஜனங்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது, மண்ணடி அதற்குள் இருக்கிறது. ஆகவே 200 வருட வீடு இங்கே இருக்க முடியாதது அல்ல. ஆனால் வீடு முழுக்க ஒரே வயதாக இருப்பது அபூர்வம். கீழ்த்தளம் ஒரு தலைமுறை, மாடி இன்னொரு தலைமுறை, முன்பக்கத்து பால்கனி மூன்றாவது. பத்திரத்தில் இருக்கும் தேதி விற்பனையின் தேதி, கட்டிய தேதி ஆகாது.

பொருள்களே வயதைச் சொல்லும். கூரையைத் தாங்குவது முழுத் தேக்கு உத்திரமா, இரும்பு கர்டரா என்று பாருங்கள். கர்டரின் பக்கவாட்டில் சுரண்டினால் சில சமயம் 'டார்மன் லாங்' போன்ற உருக்காலைப் பெயர் பொறித்திருக்கும். அப்படியென்றால் அந்தக் கூரை 1880-களுக்கு முந்தியது இல்லை. ஓட்டுத் தாழ்வாரத்தில் பாசல் மிஷன் என்ற பழைய மங்களூர் ஓட்டு ஆலையின் முத்திரை இருந்தால் 1865-க்குப் பிந்தியது. முற்றத்தில் கிணறு இருந்தால், செங்குன்றத்துத் தண்ணீர் 1872-இல் நகரத்துக்கு வரும் முன்பே வீடு இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாம், அதற்கு மேல் அது சாட்சி ஆகாது. சிமென்ட்டைப் பற்றி ஒரு சுவாரசியம்: இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் இதே சென்னையில், கடற்சிப்பியை வைத்து நடந்து தோற்றது. எப்படியிருந்தாலும் முதல் உலகப் போருக்கு முந்திய சுவரில் சிமென்ட் காரை இருந்தால், அது பின்னால் யாரோ பூசிய ஒட்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில், வில்லங்கச் சான்றிதழ் பொதுவாக 1975-இலிருந்துதான் இணையத்தில் கிடைக்கும். அதற்கு முந்தியதைப் பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வைக்க வேண்டும். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும், டவுன் சர்வே எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தெருக்களில் எண் பல தடவை மாறியிருக்கிறது. பத்திரத்தில் பக்கத்துச் சுவரைப் 'பொதுச் சுவர்' என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது டெரஸ். மெட்ராஸ் டெரஸ் என்பது இந்த அமைப்பைத்தான். சுவருக்குச் சுவர் உத்திரம், உத்திரத்தின் மேல் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் குறுக்குக் கட்டை. அதன் மேல் 6 அங்குலத்துக்கு 3, கனம் 1 என்று வார்த்த சின்ன டெரஸ் செங்கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்தி, கட்டைக்கு 45 டிகிரி கோணத்தில், சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பிடித்துக்கொள்வதால் கீழே பலகை அடிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் 3 முதல் 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த சுருக்கி, அதற்கும் மேல் தட்டோடு. மொத்த கனம் 9 அங்குலத்தைத் தொடும், எடை சதுர அடிக்கு 35 கிலோ வரும்.

இந்த எடையை மனத்தில் வைத்துத்தான் கான்ட்ராக்டரின் யோசனையைப் பார்க்க வேண்டும். பழையதை எடுக்காமல் மேலே 3 அங்குலம் சிமென்ட் போட்டால் சதுர அடிக்கு இன்னும் 14 கிலோ ஏறும். 10-க்கு 12 அறையில் அது ஒன்றரை டன்னுக்கு மேல். கட்டைகள் கொஞ்சம் வளையும், விறைப்பான சிமென்ட் வளையாமல் கீறும். கீறல் வழியாக இறங்கும் தண்ணீர் மேலே ஆவியாக முடியாமல் சுருக்கியிலேயே தங்கி, கட்டையின் தலையை அழுகச் செய்யும். ஒழுகல் நின்றதுபோல் இரண்டு மூன்று மழைக்காலம் தோன்றும், அதுதான் ஆபத்து. ஜார்ஜ் டவுனில் பல வீடுகளில் டெரஸைக் கொத்திப் பார்த்தால் இப்படி இரண்டு மூன்று அடுக்கு ஏற்கனவே இருக்கும். உங்கள் வீட்டிலும் கைப்பிடிச் சுவரின் உள் உயரம் வெளி உயரத்தைவிட வழக்கத்துக்கு மேல் குறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன் கட்டைகளைச் சோதியுங்கள். தேக்கின் நடுப்பகுதி நூறு வருடம் கழித்தும் இரும்பு மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்த தலைப்பகுதி. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்டது மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் சுவரை ஒட்டி 6 மில்லிமீட்டர் துரப்பணம் விட்டுப் பாருங்கள். வரும் தூள் வெளிர் பழுப்பாகச் சுருள் சுருளாக வந்தால் நல்லது. கருத்த மாவாக, தடையில்லாமல் உள்ளே போனால் தலை போய்விட்டது. கைப்பிடிச் சுவரில் மழைநீர் வெளியேறும் தூம்பு வாய்க்குக் கீழே இருக்கும் கட்டைகளைக் கட்டாயம் பாருங்கள், பத்துக்கு எட்டு முறை கோளாறு அங்கேதான் தொடங்கும்.

தலை மட்டும் அழுகியிருந்தால் கட்டையை மாற்ற வேண்டாம். கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் 100 மில்லிமீட்டர் இரும்புச் சேனலை வைத்து, நல்ல மரம் இருக்கும் பகுதியில் குறைந்தது 2 அடி நீளத்துக்கு 12 மில்லிமீட்டர் போல்ட்டால் இறுக்கி, சேனலின் மறுமுனையைச் சுவரில் 6 அங்குலம் கருங்கல் துண்டின் மேல் உட்கார வையுங்கள். உத்திரமாக இருந்தால் சேனலின் அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அழுகிய பகுதியை அறுத்து எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர்ப் பொந்தில் கட்டைத் தலையைச் சுற்றி விரற்கடை காற்றிடம் விடுங்கள். கொத்தனார் பழக்கதோஷத்தில் அங்கே சிமென்ட் குழைத்து அடைப்பார், பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். முழுக் கட்டை மாற்ற வேண்டிய இடத்தில் இடித்த வீட்டுத் தேக்கு வாங்குங்கள். புதுத் தோட்டத் தேக்கு அதே அளவில் வாங்கினாலும் அந்த வைரம் இருக்காது.

முட்டுக் கொடுக்கும் விஷயத்தில் அவசரம் கூடாது. சவுக்குக் கம்பை நேராகத் தரையில் ஊன்றாமல் கீழே பலகை போட்டு ஊன்றுங்கள். மாடித் தளமும் டெரஸும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் முட்டு மேலிருந்து கீழ்த்தளம் வரை ஒரே நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். மாடித் தளத்தோடு நிறுத்தினால் அந்த எடை முழுக்க மாடிக் கட்டையின் நடுவில் உட்காரும்.

கட்டை சரியானதும் பழைய தட்டோட்டையும் சுருக்கியையும் மண்வெட்டியாலும் உளியாலும் எடுங்கள். பிரேக்கர் இயந்திரம் வேண்டவே வேண்டாம், நெட்டுக்குத்தல் செங்கல் முழுக்க உதிரும். எடுத்த இடிபாட்டை டெரஸிலேயே குவிக்காமல் அன்றன்றைக்குக் கீழே இறக்குங்கள். செங்கல் அடுக்கு உதிர்ந்த இடத்தில் மட்டும் அந்தப் பத்தியைப் பிரித்து அதே கோணத்தில் திரும்ப ஒட்டலாம்.

இனி சுண்ணாம்பு. மூட்டையில் வரும் வெள்ளையடிக்கும் பவுடர் இதற்கு உதவாது. கிளிஞ்சலோ கல்லோ, சுட்ட சுண்ணாம்பைக் கட்டியாக வாங்கி நீங்களே நீற்ற வேண்டும். தண்ணீர் பட்டதும் சீறிக் கொதித்துப் பூப்பது நல்ல சரக்கு. தண்ணீரில் சும்மா கரைந்து கலங்கினால் அது காற்றிலேயே வெந்து செத்துப்போனது, திருப்பி அனுப்புங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் ஊறவிடுங்கள். பூச்சு வேலைக்கு என்றால் ஒரு மாதம். நீறாத குருணை உள்ளே தங்கினால், பூசிய பிறகு அது பூத்து அம்மைத் தழும்பு மாதிரிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

சுருக்கிக்கு அளவு, பொதுப்பணித்துறைப் பழக்கப்படி: 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது. கன அடியில் எடுத்துக்கொண்டால் இது ஏறத்தாழ 100 சதுர அடிக்குப் போதும், ஏனென்றால் 4 அங்குலம் பரப்பியது அடித்து முடிக்கையில் 3 அங்குலமாக இறங்கும். ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்க வேண்டும். பழைய சுவரை இடித்த கல்லில் உப்பு இருக்கும், அதை உடைத்துச் சேர்க்காதீர்கள். ஜல்லியை முந்தின நாளே நனைத்துப் போடுங்கள், இல்லையென்றால் சுண்ணாம்பின் ஈரத்தை அதுவே குடித்துவிடும்.

வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலமாவது வேண்டும். பரப்பிய பிறகு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மர மட்டையால் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளிக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெல்லம், ஒன்றரைக் கிலோ நசுக்கிய கடுக்காய் என்பது நடுத்தர அளவு. மேஸ்திரிக்கு மேஸ்திரி கூடக்குறையச் சொல்வார்கள். சர்க்கரைச் சத்து சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரைய உதவுகிறது, அது நுண்துளைகளுக்குள் போய் இறுகுகிறது. வெல்லம் அதிகமானால் இறுகுவது தாமதமாகும், எறும்பும் வரும். கடுக்காய் பார்க் டவுன் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

அடிப்பதை எப்போது நிறுத்துவது? மட்டை பதியாமல் எகிற வேண்டும். அதற்கு ஒரு வாரம் பிடிக்கலாம். கூலியை மிச்சம் பிடிக்க இரண்டு நாளில் முடித்துக்கொண்டால், சுருக்கிக்குள் தேன்கூடு மாதிரி இடைவெளி தங்கி, முதல் ஐப்பசி மழையிலேயே ஒழுகும். சுண்ணாம்பைக் குறை சொல்லி எல்லாரும் சிமென்ட்டுக்குத் திரும்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அடித்து முடித்ததும் வைக்கோலோ சாக்கோ போட்டு பத்து நாள் ஈரமாக வையுங்கள். பிறகு தட்டோடு, சுண்ணாம்புக் காரையில் இரண்டு வரிசை, மேல் வரிசையின் சந்து கீழ் வரிசையின் சந்தின் மேல் விழாதபடி. கைப்பிடிச் சுவரைச் சந்திக்கும் மூலையில் நேராக முட்டவிடாமல் காரையால் வளைவாக ஏற்றி, சுவரில் 2 அங்குலம் பள்ளம் வெட்டி அதற்குள் செருகி முடிக்க வேண்டும். சுவரோரத்துக் கசிவுகளில் பெரும்பாலானவை இந்த மூலையால் வருபவை.

இந்த வேலைக்குக் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அக்னி நட்சத்திர வெயில் வந்திருக்காது. ஜூலைக்கு மேல் மாலை மழை வரும், அப்போது தொடங்காதீர்கள்.

டெரஸ் முடிந்த பிறகுதான் கீழ்ச்சுவர். ஓதம், அதாவது தரை ஈரம், சுவரில் ஏறுவதற்கு வடசென்னையில் காரணம் மூன்று. நிலத்தடி நீர் மேலாக இருக்கிறது, கடலை ஒட்டிய இடத்தில் உப்பும் சேர்கிறது. பழைய வீட்டுக்கு ஓதத் தடுப்புப் படை கிடையாது. மூன்றாவது, பழைய தாரைச் சுரண்டாமலே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. திண்ணையில் நாலு படி இருந்த இடத்தில் இன்று ஒரு படி இருந்தால் மீதி மூன்றும் தாருக்கடியில்தான். அந்த உயரத்துக்கு வெளிச்சுவர் இப்போது ஈர மண்ணோடு ஒட்டி நிற்கிறது.

பழைய காலத்துச் சுவர் இந்த ஈரத்தை மூச்சு விடுவதுபோல் இரண்டு பக்கமும் விட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்து, தரையில் விட்ரிஃபைட் டைல் ஒட்டினால் தரையில் வெளியேறிய ஈரமும் சேர்ந்து சுவரில் ஏறும். சிமென்ட் பூச்சு 3 அடி என்றால் ஓதம் 4 அடிக்குப் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, குறைவாக வெந்த பழைய சுவர்ச் செங்கல்லையே பொடியாக்கும். சிமென்ட்டைத் தட்டினால் பலகை மாதிரி விழும், கூடவே செங்கல்லின் முகமும் வரும்.

செய்ய வேண்டியது: ஓதக் கோட்டுக்கு மேல் 2 அடி வரை சிமென்ட் முழுவதையும் எடுத்துவிடுங்கள். சந்துகளை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். மேலே வரும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிப் பெருக்கி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே திறந்து விடுங்கள். இந்தப் பொறுமைதான் யாருக்கும் இருப்பதில்லை. அதற்குள் கழிவுநீர்க் குழாயும் தொட்டியும் கசிகிறதா என்று பார்த்து, தெருக் கழிவுநீர் மழையில் வீட்டுக்குள் எதிர்த்து வராமலிருக்க இணைப்பில் ஒரு திரும்பாத் தடுப்பு வால்வும் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு பங்கு ஊறின சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவின மணல். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசாதீர்கள், அடுத்த பூச்சுக்கு ஒரு வாரம் இடைவெளி. சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்தும் முறையை விற்பவர்கள் வருவார்கள். காரை ஒரே சீராக இருக்கும் மெல்லிய சுவரில் அது ஓரளவு பிடிக்கும். உள்ளே மண் காரையும் துண்டுக் கல்லும் நிரப்பிய ஒன்றரை அடிச் சுவரில் மருந்து எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, முதல் செலவாக அதைச் செய்யாதீர்கள். தரைக்குக் கடப்பாக் கல்லைச் சுண்ணாம்புச் சந்தில் பதியுங்கள். முற்றத்தை ஸ்லாப் போட்டு மூடியிருந்தால் திறந்துவிடுங்கள், வீட்டின் ஈரம் போகிற புகைபோக்கி அதுதான்.

பொதுச் சுவர் விஷயம். இந்தத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. ஒரே சுவரில் உங்கள் கட்டையும் பக்கத்து வீட்டுக் கட்டையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கலாம். பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள் என்று தெரிந்தால், தொடங்குவதற்கு முன்பே எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து, கீறல் இருக்கும் இடத்தில் கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஒட்டி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் கீறல் இன்னும் நகர்கிறது என்று பொருள். இடித்த பிறகு அதுவரை வெயில் மழை பாராத பக்கம் வெளியே தெரியும், அதைப் பூசாமல் ஒரு மழையைத் தாண்ட விடாதீர்கள். சுவர் வெளிப்பக்கம் தள்ளி, மாடிக்கும் கீழுக்கும் தூக்குக்குண்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் பூச்சு வேலையை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இடித்துக் கட்டுவதே சரி என்று சொல்லத்தக்க வீடுகளும் உண்டு, அதை அந்தத் தூக்குக்குண்டும் உத்திரத் தலைகளும் சொல்லட்டும்.

மாடியைக் குடோனுக்கு விட்டிருந்தால் காலி செய்யச் சொல்லுங்கள். குடியிருப்புத் தளத்துக்குக் கணக்கில் எடுக்கும் பளு சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கிய காகிதக் கட்டு அதே இடத்தில் 700 கிலோவைத் தாண்டும். வாடகைத் தகராறு இப்போது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அது நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பழைய வாடகைக்காரரோடு வேலை தொடங்க வேண்டாம்.

அனுமதிக்கு இராயபுரம் மண்டல அலுவலகம். வீடு சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் இருந்தால் முகப்பைத் தொடும் முன் அங்குள்ள பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

கடைசியாக உள்பூச்சு. கூடத்திலும் படிக்கட்டிலும் கண்ணாடி போல் வழவழக்கும் பழைய வெள்ளைப் பூச்சு எஞ்சியிருந்தால், அது கிளிஞ்சல் சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் தயிரும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியது. அதைக் கொத்திவிட்டுப் பட்டி பார்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தாலே அழுக்கு போகும். பிடிமானம் விட்ட இடம் விரலால் தட்டினால் பொள்ளென்று கேட்கும், அந்த அளவு மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து ஒட்டுப் போடலாம். மற்றச் சுவர்களுக்குச் சுண்ணாம்பே அடியுங்கள். நீர்க்கக் கரைத்து மூன்று கை, ஒவ்வொரு கையும் காய்ந்த பிறகு அடுத்தது. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும்.